பின்பக்கத்தில் மூன்று முத்திரை

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் அத்தைக்கும் காய்ச்சல் தலைவலி என்று ஒன்றும் இல்லை, சாப்பிடுகிறோம், வேலைக்குப் போய் வருகிறோம், நலம் என்றால் இதுதான் என்று வைத்துக்கொண்டால் மூன்று பேரும் நலமாகத்தான் இருக்கிறோம். நீ அந்தக் குளிரில் தொண்டை கட்டாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும் என்பதைத்தான் காலையில் கண் விழித்ததும் முதலில் நினைக்கிறேன். தினம் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று கேட்பாய். இது உன் சான்றிதழோடு ஒரே உறைக்குள் வருகிறது. சான்றிதழ் உள்ளே அட்டைக்குள் இருக்கிறது, இதைப் படித்து முடிக்கும்வரை அதை வெளியே எடுக்காதே. பதறாதே, சான்றிதழ் இருக்கிறது, மூன்று முத்திரையும் இருக்கிறது. ஆனால் நீ கிளம்பும்போது பார்த்த மாதிரி அது இல்லை. போனில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொல்ல ஆரம்பித்தால் உன் குரல் மாறும், உன் குரல் மாறினால் எனக்குப் பேச்சு நின்றுவிடும், உனக்கோ மொழித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் நீ கேட்டபோதெல்லாம் வேலை நடந்துகொண்டிருக்கிறது, நடந்துகொண்டிருக்கிறது என்றே சொல்லிவந்தேன். அது பொய்யில்லை. என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைத்தான் சொல்லவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ கிளம்பும்போது நகல் போதும் என்றுதான் பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள், மொழி வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள், பாடப் பிரிவில் இடமும் ஒதுக்கினார்கள். பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது. பள்ளி இறுதிச் சான்றிதழின் அசல் வேண்டும், அதன் பின்பக்கத்தில் இங்குள்ள கல்வித் துறை, வெளியுறவு அமைச்சகம், நீ போயிருக்கும் நாட்டின் தூதரகம் என்று மூன்று முத்திரை வேண்டும், பருவம் தொடங்குவதற்குள் வந்து சேராவிட்டால் இடம் ரத்து, இடம் போனால் விசாவும் போகும். நீ இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, இது வெறும் சடங்குதான் அம்மா என்றாய். நானும் ஆமாம் என்றேன். போனை வைத்ததும் அத்தையிடம் விளக்கிச் சொன்னால், பொண்ணு பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினா போதாதா, பாஸ் பண்ணினான்னு மூணு ஆபீஸ் சாட்சி சொல்லணுமா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் அவர்கள் அதைக்கூடச் சொல்வதில்லை. சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் நிஜமானவர்தான் என்று கல்வித் துறை சொல்கிறது. கல்வித் துறையின் முத்திரை நிஜம் என்று அமைச்சகம் சொல்கிறது. அமைச்சகத்தின் முத்திரை நிஜம் என்று தூதரகம் சொல்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு முந்தைய ஆளை மட்டும் பார்க்கிறார்கள். உன்னைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. நீ சமையலறை மேஜையில் காதைப் பொத்திக்கொண்டு படித்தது அந்த மூன்று இடத்திலும் ஒருவருக்கும் தெரியாது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் எல்லாம் விட்டுப்போகும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது, அதனால் பயந்தேன்.

கண் மருத்துவமனை வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டுக் கல்வித் துறை அலுவலகத்துக்குப் போனேன். அந்தக் கவுன்ட்டரின் கண்ணாடியில் பேசுவதற்கு வைத்த ஓட்டை ஒரு குழந்தையின் உயரத்தில் இருக்கிறது. அதனால் எல்லோரும் குனிந்துதான் பேச வேண்டியிருக்கிறது, குனிந்து பேசினாலே குற்றம் செய்த மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு முன்னால் நின்றவரின் சான்றிதழ் நாலாக மடிந்து, மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. அவரைத் திருப்பி அனுப்பினார்கள். நான் என் பையிலிருந்து உன் சான்றிதழை எடுத்தேன். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்த நிமிடம் எனக்கு ஒரு சின்னப் பெருமை. உள்ளே இருந்த அம்மாள் அதை வாங்கி, திருப்பி, விரலால் ஒரு தட்டுத் தட்டினார். டக்கென்று சத்தம் வந்தது. “பிளாஸ்டிக்குக்கு நான் முத்திரை போட மாட்டேம்மா. காகிதத்தக் கொண்டு வாங்க” என்றார். எனக்குப் புரியவில்லை. மை பிடிக்காது, பிடித்தாலும் விரலால் துடைத்தால் போய்விடும், துடைத்தால் போகிற முத்திரையைப் போட்டால் தன் வேலை போய்விடும் என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபமாகச் சொன்னால் கெஞ்சலாம்.

உன் சான்றிதழ் வந்த அன்று சாயங்காலமே அப்பா அதை எடுத்துக்கொண்டு போய் லேமினேட் செய்துகொண்டு வந்தார் அல்லவா, நாம் நாலு பேரும் மேஜையைச் சுற்றி நின்று பார்த்தோம், இனி ஊறுகாய் கொட்டினாலும் கவலையில்லை என்று நீயே சிரித்தாய். அப்பாவின் சுபாவம் உனக்குத் தெரியும். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவருக்கு எதைப் பார்த்தாலும் அறுந்துவிடும், நனைந்துவிடும் என்றுதான் தோன்றும். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் தேர்வுக்காகத் தன் பயிற்சிச் சான்றிதழைக் கருவிப் பையில் வைத்துக்கொண்டு போனார், லிஃப்ட் குழியில் தேங்கியிருந்த தண்ணீருக்குள் பை விழுந்தது, எடுத்துப் பார்த்தால் கூழ். அந்த வருடம் அவரைத் தேர்வு எழுத விடவில்லை. அதற்குப் பிறகு நம் வீட்டில் எந்தக் காகிதமும் காகிதமாக இருந்ததில்லை. ஃப்ரிட்ஜ் வாரண்டி, பால்காரரின் போன் நம்பர், பஸ் நேரப் பட்டியல், நீ இரண்டாம் வகுப்பில் வரைந்த யானை, எல்லாம் பிளாஸ்டிக்குக்குள். உங்கப்பன விட்டா என்னையும் ரெண்டு பக்கமும் ஒட்டி ஆணியில மாட்டிடுவான் என்று அத்தை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அன்று நான் வீட்டுக்கு வந்து கவுன்ட்டரில் சொன்னதைச் சொன்னேன். சாதாரணமாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். பிறகு மறுபடியும் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

லேமினேட் செய்த கடைக்குத்தான் போயிருக்கிறார். கடைக்காரர் சான்றிதழை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, எனக்கு ஒட்டத்தான் தெரியும் சார், பிரிக்கத் தெரியாது, இதுவரைக்கும் யாரும் பிரிக்கணும்னு வந்ததில்லை என்று சொல்லிவிட்டாராம். மறுநாள் நான் தேர்வுத் துறைக்குப் போனேன். புதுச் சான்றிதழ் தருவார்கள், ஆனால் பழையது ஏன் பயன்படாது என்று ஒரு குழு பார்க்கும், குழு எப்போது கூடும் என்பது குழுவுக்குத்தான் தெரியும், எப்படிப் பார்த்தாலும் உன் பருவம் தொடங்கிவிடும். அந்த வாசலில்தான் ஒரு ஏஜென்ட் என்னைப் பிடித்தார். கொளுத்துகிற வெயிலில் டை கட்டியிருப்பார், எல்லோரும் அவரை டை என்றே கூப்பிடுகிறார்கள். மேடம், இதுக்குப் போயா கலங்குறீங்க, காணாமப் போச்சுன்னு போலீஸ்ல ஒரு புகார் குடுங்க, அந்த ரசீது இருந்தா குழு கிழு ஒண்ணும் வேண்டாம், மாத்துச் சான்றிதழ் கையில வந்துடும் என்றார். பத்திரமா இருக்கிறத எப்படிக் காணோம்னு சொல்றது என்றேன். பத்திரமா இருக்கிறதுதானே மேடம் உங்க பிரச்னை என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் போனேன். போலீஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்தேன், பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. உள்ளே உன் சான்றிதழ் இருந்தது. எழுதுகிறவர் தலை நிமிராமல் எங்கம்மா தொலைச்சீங்க என்று கேட்டார். பஸ்ஸில் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எந்த பஸ், எந்த இருக்கை என்று அடுத்துக் கேட்பார், அதற்கும் சொல்ல வேண்டும், பிறகு அந்த அறிக்கையின் மேல் ஒரு மாற்றுச் சான்றிதழ், அதன் மேல் மூன்று முத்திரை. அடியில் ஒரு பொய்யை வைத்து அதை மூன்று அலுவலகமும் நிஜம் நிஜம் என்று சொல்லி, அந்த மொத்தத்தையும் உன் தலையில் தூக்கி வைத்து அனுப்புவதா. அதுமட்டுமில்லை, அசலின் நகல் ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, வேறு வரிசை எண்ணோடு ஒன்று போனால் அவர்கள் கேட்க மாட்டார்களா. பஸ்ஸில்தான் பார்க்கணும், வீட்டிலேயே இருக்கலாம் என்று என்னவோ உளறிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தெருவுக்கு வந்த பிறகும் யாராவது பின்னால் கூப்பிடுவார்கள் என்று காது கூசிக்கொண்டே இருந்தது.

என்னிடம் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களில் பலர், எழுத்து அட்டையின் கடைசி வரி தெரியவில்லை என்று சொல்வதற்குப் பதிலாக ஊகித்து ஏதோ ஓர் எழுத்தைச் சொல்வார்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள், இது பரீட்சை இல்லை என்று நானும் சொல்வேன். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று இத்தனை வருடமும் எனக்கு விளங்கியதில்லை. இப்போது விளங்குகிறது. எதிரே ஒருவர் கையில் கோலோடு நின்றால் போதும், நம் கண்ணே நமக்கு விரோதி மாதிரி ஆகிவிடுகிறது.

அப்பாதான் சொன்னார், முத்திரை பின்பக்கத்தில்தானே, முன்பக்கத்தை நாம் தொடவே வேண்டாம், பின்பக்கம் மட்டும் உரித்தால் போதும் என்று. முன்னால் அச்சு இருக்கிறது, உரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். பின்னால் வெறும் காகிதம். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. சூடு காட்டினால் பசை இளகும், எவ்வளவு சூடு என்றுதான் தெரியாது. அதற்காக வீட்டில் இருந்த பிளாஸ்டிக் எல்லாம் சுவரிலிருந்து இறங்கின. நீ விட்டுப்போன ஹேர் டிரையரை அப்பா எடுத்துக்கொண்டார், நான் முனையைப் பிடித்துக்கொண்டேன். பால்காரரின் நம்பர் சுருண்டு புகைந்தது. ஃப்ரிட்ஜ் வாரண்டி இரண்டு பிளாஸ்டிக்கிலும் பாதிப் பாதியாக ஒட்டிக்கொண்டு போனது. பஸ் நேரப் பட்டியல் கொஞ்சம் தேவலை. வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தை, இனிமே பஸ் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும், பஸ்ஸுக்கே தெரியாது என்றார். சிரித்தோம். அதெல்லாம் மெல்லிய காகிதம், சான்றிதழோ தடித்த காகிதம், அதே தடிமனில் வீட்டில் லேமினேட் செய்த பொருள் இன்னும் ஒன்றுதான் இருந்தது, நீ வரைந்த யானை. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வேண்டாங்க, பஸ் பட்டியல் வந்துதே, அதே சூட்டில் செய்துவிடலாம் என்றேன். தெரியாம சான்றிதழ்ல கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு யானையை மேஜையில் கவிழ்த்து வைத்தார். யானை போய்விட்டது. தும்பிக்கை பக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆனால் தடித்த காகிதத்துக்கு அதிகச் சூடு கூடாது, குறைந்த சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக, மேலே தூக்காமல் படுக்கவைத்தே பின்னுக்கு இழுக்க வேண்டும் என்று அதில்தான் தெரிந்தது. உன்னிடம் கேட்காமல் செய்தோம், மன்னித்துக்கொள்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை ஒன்று சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இவ்வளவு பயப்பட என்ன இருக்கு, சீட்டு போனா போகட்டும், பிள்ளை வீட்டுக்கு வந்துடும்ல, இங்க படிக்க இடமா இல்ல என்றார். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும், அந்த இதத்தைக் கண்டு நான் பயந்ததைப் போல அந்தக் கவுன்ட்டரைக் கண்டுகூடப் பயப்படவில்லை. நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினார், சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினார், துடைத்தார், மேஜையைக் காலி செய்து வெள்ளைத் துணியை விரித்து உன் சான்றிதழை முகம் கீழாக வைத்தார். பிடிச்சுக்கோ என்று என்னிடம் சொன்னார்.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்தேன், என் விரல் நகம் வெளுத்துப்போய் இருந்தது. பிளாஸ்டிக் ஒரு தலைமுடி அகலம் விலகும், நிற்கும், மறுபடி விலகும். கிர்ரென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது, அது பசை விடுகிற சத்தமா காகிதம் கிழிகிற சத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அறுபது மாடிக் கட்டடத்தில் ரோப்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற மனிதர், “சேஃப்டி பெல்ட் இல்லாம லிஃப்ட் ஷாஃப்ட்ல நிக்கிற மாதிரி இருக்கு” என்றார். பாதிக்கு மேல் சுத்தமாக வந்துவிட்டது. நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சில் என் பிடி நழுவியதா, அவர் கொஞ்சம் வேகமாக இழுத்தாரா, இல்லை அந்த இடத்தில் பசை அதிகமாக இருந்ததா, எங்கள் இருவருக்கும் தெரியாது, ஓர் இடத்தில் காகிதத்தின் தோல் மட்டும் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. கட்டைவிரல் நகம் அளவு. ஓட்டை இல்லை. ஆனால் அந்த இடம் மெலிந்துவிட்டது, வெளிச்சத்தில் பிடித்தால் விளக்குப் போட்ட ஜன்னல் மாதிரி தெரிகிறது. எங்கே என்று திருப்பிப் பார்த்தோம். கணிதத்தில் உன் மதிப்பெண் அச்சிட்டிருக்கிறதே, அதற்கு நேர் பின்னால். இத்தனை இடம் இருக்க, அங்கே. முன்பக்கம் எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பிளாஸ்டிக்குக்கு அடியில் அப்படியே இருக்கிறது. ஆனால் தெரியாதவர் பார்த்தால் யாரோ மதிப்பெண்ணைச் சுரண்டித் திருத்தியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். கிழிந்தது என்றால்கூடப் பரிதாபம் வரும். திருத்தியது என்றால் போலி என்பார்கள். இந்த ஒரு சொல்தான் அன்றிலிருந்து என்னைத் தூங்க விடவில்லை.

இரண்டு பேருமாகத்தான் கல்வித் துறைக்குப் போனோம். அதே அம்மாள். விரலால் தட்டினார், இந்தத் தடவை சத்தம் வரவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், அந்த இடத்தில் அவர் கண் நின்றது, எழுந்து உள்ளே எடுத்துக்கொண்டு போனார். அப்பா கவுன்ட்டர் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார், உட்காருங்கள் என்றால் கேட்கவில்லை. உள்ளே கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் யாரோ எங்களைப் பிடித்துப்போக வருவதாகவே எனக்குத் தோன்றியது. அவர்கள் தங்கள் பதிவேட்டை எடுத்து உன் மதிப்பெண்ணை ஒப்பிட்டிருக்கிறார்கள், அது பிறகுதான் தெரிந்தது. திரும்பி வந்த அம்மாள், யார் உரிச்சது என்று கேட்டார். நான்தாங்க என்றார் அப்பா. ஒட்டினது யாரு என்றார். அதுவும் நான்தாங்க என்றார். அந்த அம்மாள் அப்பாவை நிமிர்ந்து பார்த்து, நல்லவேளை, நீங்க முத்திரை போடுற வேலைக்கு வரல என்று சொல்லிவிட்டு, மெலிந்த இடத்தை விட்டுத் தள்ளி முத்திரையைக் குத்தினார். மிச்சமிருந்த பசையில் மை கொஞ்சம் பரவிவிட்டது, ஒரு துண்டுக் காகிதத்தால் ஒற்றிக் கொடுத்தார். அமைச்சகத்தில் முந்தைய முத்திரையை மட்டும் பார்த்தார்கள், அடுத்ததைப் போட்டார்கள். தூதரகத்தில்தான் ஓர் அதிகாரி மெலிந்த இடத்தின் மேல் விரலை வைத்துத் தடவினார். முத்திரை போட்டார், போட்ட பிறகு சொன்னார், நாங்க அமைச்சகத்தோட முத்திரை உண்மைன்னுதான் சொல்றோம், இந்தக் காகிதத்த ஏத்துக்கறதும் மறுக்கறதும் பல்கலைக்கழகத்தோட இஷ்டம் என்று. வெளியே வந்து நடைபாதையில் நின்றோம். மூன்று முத்திரையும் கையில் இருந்தது, ஆனால் சந்தோஷப்படலாமா கூடாதா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இப்போது கவனமாகக் கேள். சான்றிதழ் ஒரு பக்கம் பிளாஸ்டிக்கும் ஒரு பக்கம் காகிதமுமாக இருப்பதால் விட்டால் சுருண்டுகொள்ளும். வெளியே எடுத்ததும் தடித்த புத்தகத்துக்கு அடியில் வை. முன்பக்கத்துப் பிளாஸ்டிக்கை நீயும் உரிக்கலாம் என்று நினைத்துவிடாதே, கெஞ்சிக் கேட்கிறேன். வெயிலிலோ ஹீட்டருக்குப் பக்கத்திலோ வைக்காதே. அலுவலகத்தில் கொடுக்கும்போது மெலிந்த இடத்தை அவர்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நீயே காட்டு. வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்தார்கள், முத்திரைக்காகப் பின்பக்கம் உரித்தார்கள், அப்போது ஆனது என்று உள்ளதைச் சொல். சொல்லும்போது சிரிக்காதே, உனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும், அவர்களுக்கு அது தெரியாது. இன்னொரு சின்ன உறையும் இருக்கிறது, உன் தலைமையாசிரியையின் கடிதம். மதிப்பெண் அவ வாங்கினது, பிளாஸ்டிக் உங்க வீட்டுக்காரர் வாங்கினது, நடுவுல நான் எதுக்கு என்று முதலில் கடிந்துகொண்டார். பிறகு அவரே பதிவைப் பார்த்து, பாடவாரியாக உன் மதிப்பெண்ணை எழுதி, சந்தேகம் இருந்தால் பள்ளியிடம் நேரடியாகக் கேட்கலாம் என்று முகவரியும் போட்டுக் கையெழுத்திட்டுத் தந்தார். கேட்டால் மட்டும் அதைக் கொடு. ஏற்றுக்கொள்ள மாட்டோம் என்றால் அங்கேயே அழுதுகொண்டு திரும்பிவிடாதே, ஏன் என்று எழுத்தில் கேள், மாற்றுச் சான்றிதழுக்கு அவகாசம் தருவார்களா என்று கேள். குழுவுக்கு விண்ணப்பம் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், அது எப்போது வருமோ வரட்டும். நாளைக் காலையில் உறையை ஒட்டி அனுப்புகிறோம். வானத்தில் இத்தனை தூரம் அது தனியாக வர வேண்டும் என்பதை நினைத்தால் கை கால் ஓடவில்லை. உன்னை அனுப்பும்போதுகூட, வழியில் ஏதாவது என்றால் நீ வாய் திறந்து பேசுவாய் என்ற ஒரு தைரியம் இருந்தது.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா டூட்டியில் இருக்கிறார் என்று சொன்னேனே, அவர் டூட்டியில் இல்லை. இந்த அறையிலேயேதான் இருப்பார். உன் பெயர் போனில் தெரிந்ததும் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொள்வார், நான் பேசி முடித்ததும் வந்து, என்ன சொன்னா என்று மட்டும் கேட்பார். நான் திட்டவில்லை, அத்தையும் திட்டவில்லை, திட்டியிருந்தால் ஒருவேளை நல்லதாக இருந்திருக்கும். என் பொண்ணு வாழ்க்கைய என் கையாலேயே மூடி ஒட்டிட்டேன் என்று அத்தையிடம் ஒரு தடவை சொன்னாராம். என்னிடம் அதுகூடச் சொல்லவில்லை. உன் இடம் போய்விடுமோ என்று பயந்த மாதிரியே, இந்த மனிதர் உன்னோடு பேசுவதையே விட்டுவிடுவாரோ என்றும் இப்போது பயப்படுகிறேன். அதனால் பல்கலைக்கழகத்தில் என்ன சொன்னாலும் சரி, ஏற்றுக்கொண்டாலும் சரி, மறுத்தாலும் சரி, நீ முதலில் கூப்பிட வேண்டியது என்னை இல்லை. அவருடைய நம்பருக்குக் கூப்பிடு. எடுக்க மாட்டார், மறுபடியும் கூப்பிடு. முடிவை ஒரே வார்த்தையில் சொல்லிவிடு, சமாதானம் சொல்லாதே, பரவாயில்லைப்பா என்று சொன்னால் உடைந்துவிடுவார். உன் விடுதி லிஃப்ட் மேலே போய் நிற்கும்போது ஒரு குலுக்குக் குலுக்குகிறது, கதவு திறக்கும்வரை பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னாய் அல்லவா, அது ஏன் என்று அவரிடம் கேள். முதலில் எந்தக் கம்பெனி லிஃப்ட் என்பார், எத்தனை பேர் ஏறினால் குலுக்குகிறது என்பார், கதவு இடுக்கில் காதை வைத்து என்ன சத்தம் வருகிறது என்று கேட்டுச் சொல் என்பார். பொறுமையாகப் பதில் சொல். அவர் பேசி முடிக்கும்வரை நீயாகப் போனை வைத்துவிடாதே.

நல்லா இரு கண்ணே. உன் காலடியில் முள் படாமல் நீ நினைத்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அத்தையும் தன் ஆசியைச் சேர்த்து எழுதச் சொன்னார், குளிருக்குக் காதை மூடிக்கொள்ளவும் சொன்னார். உறையைப் பிரிக்கும்போது கத்தரியை ஓரமாக மட்டும் போடு.

பயத்தோடும் அதைவிட அதிகமான ஆசையோடும்,
உன் அம்மா